பேய் எதுக்கு வந்துச்சுன்னு சொன்ன உடனே பயம் போயிடுது, உங்களுக்கும் அப்படித்தானா?

மாடிவீட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பெரிய சினிமா ஆள் இல்ல, வருஷத்துக்கு நாலு படம் தியேட்டர்ல பார்த்தா அதிகம். ரெண்டு மாசம் முன்னாடி பைக்ல இருந்து விழுந்து முழங்கால் லிகமென்ட் ஆபரேஷன் ஆகி வீட்டுலயே இருக்கேன். பகல்ல தூங்கிடறதால ராத்திரி தூக்கம் வர்றதில்ல, மனைவியும் பாப்பாவும் பத்து மணிக்குப் படுத்துடுவாங்க, நான் ஹால்ல கட்டிலப் போட்டு கால தலகாணி மேல தூக்கி வச்சுக்கிட்டு ஹெட்ஃபோன் மாட்டி பேய்ப் படம், மர்டர் மிஸ்டரின்னு வரிசையா பார்த்துக்கிட்டு இருக்கேன். பார்த்ததுல தோணினத எழுதறேன். எந்தப் படத்தோட முடிவையும் சொல்லல, தைரியமா படிங்க.

முதல்ல பார்த்தது டிமான்ட்டி காலனி 2. முதல் பாகம் 2015ல வந்தப்பவே பார்த்திருந்தேன், ரொம்பப் பிடிக்கும். நாலு ஃப்ரெண்ட்ஸ், ஒரே ரூம், கதவு தெறக்காது, டிவில அவங்களுக்கு என்ன நடக்கப் போகுதுன்னு அவங்களே பார்க்கறாங்க, அவ்வளவுதான். ஆழ்வார்பேட்டைல நிஜமாவே அந்தப் பேர்ல தெரு இருக்குங்கறது வேற மண்டைல ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டாவது பாகத்துல எல்லாம் பெருசாயிடுச்சு, ஆளும் அதிகம், இடமும் அதிகம், விளக்கமும் அதிகம். அங்கங்க நல்லா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா நான் பயந்ததெல்லாம் திடீர்னு வர்ற சத்தத்துக்குத்தான். ஹெட்ஃபோன்ல அது காதுல அறையற மாதிரி இருக்கு, அத பயம்னு எப்படி சொல்றது.

அப்புறம் பூதகாலம். மலையாளம், 2022ல நேரா ஓடிடில வந்தது, ரேவதியும் ஷேன் நிகமும். இதப் பத்தி நெறைய சொல்லணும். படுத்த படுக்கையா இருந்த பாட்டி செத்துப்போறாங்க, அதுக்கப்புறம் வீட்டுல மிச்சம் இருக்கறது மனசு ஒடஞ்ச அம்மாவும் வேலை கிடைக்காத பையனும். பையனுக்கு ராத்திரில என்னென்னவோ தெரியுது, கேக்குது. சுத்தி இருக்கறவங்க இவனுக்குப் புத்தி சரியில்லன்னு முடிவு பண்ணிடறாங்க, அம்மாவே நம்ப மாட்டேங்கறாங்க. ரொம்ப நேரத்துக்கு பேய் இருக்கா இல்லையான்னே நமக்குத் தெரியாது. சாதாரண வாடகை வீடு, நம்ம வீடு மாதிரியே மொசைக் தரை, ட்யூப்லைட், பாதி மூடின கதவு. அம்மாவும் பையனும் சாப்பிடும்போது பேசாம இருக்காங்க பாருங்க, அந்த இடமே எனக்கு பேய் வர்ற சீனவிட கஷ்டமா இருந்துச்சு. படம் முடிஞ்சு ஹெட்ஃபோனக் கழட்டினா மேல டேங்க்ல தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் கேக்குது, வாக்கரப் புடிச்சுக்கிட்டு பாத்ரூம் போக பத்து நிமிஷம் யோசிச்சேன். ரேவதி மேடத்துக்கு அதுக்கு கேரள அரசு விருது கொடுத்தாங்க, கொடுக்காம இருந்திருந்தாதான் ஆச்சரியம்.

அதே டைரக்டர் ராகுல் சதாசிவன் எடுத்தது பிரமயுகம், 2024. முழுக்க கறுப்பு வெள்ளைன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேன், பத்து நிமிஷத்துல கலர் இல்லைங்கறதே மறந்துபோச்சு. பதினேழாம் நூற்றாண்டு, காட்டுல வழி தப்பி வர்ற ஒரு பாணன் ஒரு பாழடைஞ்ச மனைக்குள்ள போறான், அங்க கொடுமண் போற்றியா மம்மூட்டி. வந்தவனுக்கு சோறு போடறார், இடம் கொடுக்கறார், பாடச் சொல்றார், ஆனா வெளிய விட மாட்டேங்கறார். ஒரு பகடை ஆட்டம் வரும், பணயம் வைக்க இவன்கிட்ட ஒண்ணுமே இல்ல, மிச்சம் இருக்கறது இவனோட காலம் மட்டும்தான், அத வைக்கச் சொல்றார். அந்த இடத்துல எனக்கு நெஞ்சு அடைச்ச மாதிரி ஆயிடுச்சு, ரெண்டு மாசமா நாலு சுவத்துக்குள்ளயே இருக்கறதால கூட அப்படி இருந்திருக்கலாம்.

இதுக்கு நடுவுல சப்தம் பார்த்தேன், 2025ல வந்தது, ஈரம் எடுத்த அறிவழகனோடது. ஆதி சத்தத்த வச்சு பேயத் தேடறவரா வர்றார், மெடிக்கல் காலேஜ்ல தற்கொலையா நடக்குது. முதல் பாதி எனக்கு உண்மையிலேயே பிடிச்சுது, ஹெட்ஃபோன்ல பார்க்க வேண்டிய படம் அது ஒண்ணுதான். ரெண்டாவது பாதில காரணம் சொல்ல ஆரம்பிச்சதும் எனக்கு விட்டுப்போச்சு.

இதுதான் என் கேள்வி. நம்ம தமிழ்ப் பேய்ப் படத்துல இன்டர்வெல்லுக்கு அப்புறம் யாராவது ஒரு பெரியவர் உக்காந்து கதை சொல்லுவார், ஒரு நல்ல குடும்பம், ஒரு பாட்டு, ஒரு கெட்டவன், கொலை. அதுக்கப்புறம் பேய் மேல பாவமா போயிடுது, பாவம்னு ஆனதுக்கப்புறம் எப்படி பயப்படறது? ஏன் எல்லாப் பேய்க்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் வேணும்? உங்களுக்கும் இப்படித் தோணுதா, இல்ல எனக்கு மட்டும்தானா? அப்படியே அடுத்து என்ன பார்க்கலாம்னும் சொல்லுங்க, இன்னும் மூணு வாரம் இருக்கு.

முப்பந்தல்காத்து:

சீக்கிரம் குணமாகட்டும் அண்ணா. ஆனா உங்க கேள்விக்கு நான் நேர் எதிர்.

எனக்கு சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். எங்க ஊர்ல கதை தெரிஞ்ச பேய்க்குத்தான் பயமே. இசக்கியம்மன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, வில்லுப்பாட்டு ராத்திரி பூரா பாடுவாங்க, அவ யாரு, யாரு அவளக் கொன்னான், எப்படித் திரும்பி வந்தான்னு முழுக் கதையும் ஊருக்கே மனப்பாடம், சின்னப் புள்ளைல இருந்து கேட்டுருக்கேன், இருந்தாலும் நடுச்சாமத்துல அந்தக் கட்டம் வரும்போது உடம்பு சிலிர்க்கும், சாமியாடுறவங்களுக்கு அருள் வந்துரும். அநியாயமா செத்தவங்களத்தான் எங்க பக்கம் நெறைய இடத்துல சாமியா கும்பிடறோம். பாவமும் பயமும் ஒண்ணாத்தான் வரும், ஒண்ணு வந்தா இன்னொண்ணு போயிரும்னு இல்ல.

நீலி கதைய எடுத்துக்கோங்க. புருஷன் பொண்டாட்டிய கள்ளிக்காட்டுல வச்சுக் கொன்னுடறான். அடுத்த பிறவில அவன் வியாபாரியா வர்றான், அவ கள்ளிக் கொம்ப ஒடிச்சு குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு பின்னாடியே வர்றா. பழையனூர்ல எழுபது வேளாளர் கூடின சபைல போய், இவன்தான் எம் புருஷன், என்ன விட்டுட்டு ஓடறான்னு அழறா. நீலிக்கண்ணீர்னு சொல்றோமே, அது இதுதான். அவன் இவ பேய்னு கதறறான், யாரும் நம்பல. அவன்கிட்ட காவலுக்கு ஒரு கத்தி இருக்கு, அதையும் வாங்கி வச்சுக்கிட்டு, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எழுபது பேரும் உசுர விடறோம்னு வாக்குக் கொடுத்து ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல விட்டுக் கதவச் சாத்திடறாங்க. விடிஞ்சு பார்த்தா அவன் செத்துக் கெடக்கான், சொன்ன சொல்லுக்கு எழுபது பேரும் தீயில எறங்கிட்டாங்க. திருவாலங்காடு பக்கத்துல பழையனூர்ல இன்னைக்கும் இந்தக் கதையச் சொல்லுவாங்க. எங்க பக்கம் கொஞ்சம் மாத்திப் பாடுவாங்க, முப்பந்தல் இசக்கியோட அவள சேத்துதான் பேசுவாங்க.

இதுல அவ ஏன் வந்தான்னு நமக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சதாலதான் அந்தக் கதவச் சாத்தும்போது பயம். நீங்க சொன்ன பூதகாலத்துல அம்மாவே பையன நம்பல, அதுவும் இதுவும் ஒரே பயம்தானே, உண்மையச் சொல்றவன யாரும் நம்பலங்கறது. நம்ம படங்கள்ல தப்பு ஃப்ளாஷ்பேக் இருக்கறது இல்ல, அத விடுகதைக்கு விடை மாதிரி கடைசில கொண்டுவந்து வைக்கறது. வில்லுல அத முதல்ல பாடிட்டு, அதுக்கப்புறம்தான் அவள வரவைப்பாங்க.

2025ல வந்த லோகா பார்த்தீங்களா, அதுல கல்யாணி பிரியதர்ஷன் கள்ளியங்காட்டு நீலிதான். கேரளாவுல கடமற்றத்து கத்தனார்னு ஒரு பாதிரியார் அவள அடக்கினதா சொல்ற கதை ரொம்பப் பிரபலம். 1956 வரைக்கும் எங்க மாவட்டம் திருவிதாங்கூரோட இருந்துச்சு, அதனால ரெண்டு பக்கமும் அவ எங்க ஆளுன்னு சொல்லுவோம். அது பயமுறுத்தற படம் இல்ல, ஆனா அவள இத்தன நாள் கழிச்சு மரியாதையா காட்டினாங்கன்னு எங்க அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

ரெண்டாவதுஆட்டம்:

மாடிவீட்டுக்காரன் சார், மொதல்ல அந்த ஹெட்ஃபோனக் கழட்டி வைங்க. டிவி சவுண்ட் செட்டிங்ல நைட் மோட்னு இருக்கும், சில டிவில வேற பேர்ல இருக்கும், அத ஆன் பண்ணா பெரிய சத்தம் கொறஞ்சு சின்ன சத்தம் தெளிவா கேக்கும், பாப்பாவும் எழுந்திரிக்காது, உங்க காதும் தப்பிக்கும். தியேட்டர் ஹாலுக்குன்னு பண்ணின சத்தத்த ரெண்டு காதுக்குள்ள விட்டா அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் நம்ம பேய்ப் படங்கள தனியா உக்காந்து பார்த்துட்டு பயமில்லன்னு சொல்றது எனக்கு சரியாப் படல. அரண்மனை 4 நான் மதுரைல லீவு நேரத்துல பார்த்தேன், அக்கா பிள்ளைங்க, எங்க அம்மா, சித்தி எல்லாரோடயும், ஒரு வரிசை பூரா நாங்கதான். அஸ்ஸாம்ல இருக்கற பாக்ங்கற பேய எடுத்துட்டு வந்து வச்சிருந்தாங்க, புதுசா இருந்துச்சு. ஒரு இடத்துல தியேட்டரே கத்துச்சு, கத்தி முடிச்ச உடனே தியேட்டரே சிரிச்சுது, எங்க அம்மா என் கையப் புடிச்சவங்க இன்டர்வெல் வரைக்கும் விடல. அவங்க அப்படி சிரிச்சு நான் பார்த்து ரொம்ப நாள் ஆச்சு, அப்பா போனதுக்கப்புறம் அவங்க பார்த்த முதல் படம் அது. காஞ்சனா, சந்திரமுகி எல்லாம் ஜனங்க திரும்பத் திரும்பப் போனதும் இதுக்குத்தான்னு நெனைக்கறேன், பயத்த பக்கத்துல இருக்கறவங்களோட சேந்து பகிர்ந்துக்கறோம். பூதகாலம் எங்க அம்மாவுக்கு நான் போட்டுக் காட்ட மாட்டேன், வீட்டுல சாவு நடந்தவங்களுக்கு அது ரொம்பக் கனமா இருக்கும்.

மாடிவீட்டுக்காரன்:

முப்பந்தல்காத்து தம்பி, அந்தக் கதவச் சாத்தற எடத்த படிச்சுட்டு ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். முதல்லயே சொல்லிட்டு அப்புறம் வரவைக்கறதுன்னு நீங்க சொன்னது நான் யோசிக்காத விஷயம். டிமான்ட்டி முதல் பாகத்துலயும் அப்படித்தானே, பங்களா கதைய முன்னாடியே சொல்லிடறாங்க, அதுக்கப்புறம்தான் அந்த ரூம்.

ரெண்டாவதுஆட்டம் சார், நைட் மோட் இருந்துச்சு, ஆன் பண்ணிட்டேன், நல்ல வித்தியாசம் தெரியுது. அம்மாவப் பத்தி நீங்க எழுதினது மனசுல நின்னுச்சு.

செவ்வந்தி:

பேய் பத்தி நல்லா பேசிட்டீங்க, மிஸ்டரி பக்கம் யாரும் வரலையே. எனக்கு பேயவிட அதுதான் உசுரு, காலேஜ் படிக்கும்போது பஸ் ஸ்டாண்ட் கடைல மாத நாவல் வாங்கி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சுடுவேன். அந்தப் பழக்கத்துல ஒரு கணக்கு வச்சிருக்கேன், முடிவு தெரிஞ்சதுக்கப்புறம் திரும்ப முதல்ல இருந்து பார்க்கணும்னு தோணணும், அட இது அப்பவே நம்ம கண்ணு முன்னாடி இருந்துச்சேன்னு இருக்கணும். கடைசி பத்து நிமிஷத்துல இதுவரைக்கும் காட்டாத ஆள கொண்டுவந்து இவன்தான் கொலைகாரன்னு சொன்னா எனக்கு கோவம் வந்துடும், ரெண்டு மணி நேரம் என்ன ஏமாத்தின மாதிரி.

இந்தக் கணக்குல கிஷ்கிந்தா காண்டம்தான் சமீபத்துல நான் பார்த்ததுல உச்சம். 2024, மலையாளம், ஆசிஃப் அலி, அபர்ணா, விஜயராகவன். காட்ட ஒட்டின ஒரு வீடு, சுத்தி குரங்குங்க. எலெக்ஷன் வருது, லைசென்ஸ் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், வீட்டுப் பெரியவரோட துப்பாக்கியக் காணோம். அவர் ரிட்டயர்ட் மிலிட்டரிக்காரர், ஞாபகம் நழுவுது, அத யாருக்கும் தெரியாம மறைக்கறார். அந்த வீட்டுக்கு புதுசா கல்யாணம் ஆகி வர்ற பொண்ணு கண்ணு வழியா நாம பார்க்கறோம், அந்த வீட்டுல ஒரு சின்னப் பையனும் முன்னாடி காணாமப் போயிருக்கான். இதுக்கு மேல சொல்ல மாட்டேன். எங்க மாமனாருக்கு ரெண்டு வருஷமா மறதி இருக்கு, வச்ச எடத்த மறந்துட்டு நாங்க எடுத்துட்டோம்னு சண்ட போடுவார், அப்புறம் சீட்டுல எழுதி வச்சுக்குவார். படத்துல அந்தப் பெரியவர் எழுதி வச்சு எழுதி வச்சு தானே தன்னத் துப்பறியறத பார்த்தப்ப எனக்கு அது மிஸ்டரியாவே தெரியல, வீட்டுக்காரர எழுப்பி மறுபடியும் பார்க்க வச்சேன்.

தமிழ்ல போர் தொழில், 2023. சரத்குமாரும் அசோக் செல்வனும் திருச்சி பக்கம் ஒரு கொலைகாரனத் தேடறாங்க. ஒருத்தர் அனுபவம், ஒருத்தர் புக்கு, இப்படி ஜோடி எத்தனையோ பார்த்திருக்கோம், ஆனா அந்தப் பையன் பயப்படறத வெளிப்படையா காட்டினாங்க, போலீஸ்னா பயமே இல்லாதவன்னு காட்டல, அது எனக்குப் பிடிச்சுது. பாதிலயே ஆளக் கண்டுபிடிச்சாச்சுன்னு நெனைப்பீங்க, பொறுமையா இருங்க.

சுழல் ரெண்டு சீசனும் பார்த்தேன். முதல் சீசன்ல மயானக்கொள்ளை நாட்கள்ல கதை நடக்குது, அங்காளம்மன் வேஷம் கட்டிக்கிட்டு ஆடறவங்களுக்கு நடுவுல ஒரு பொண்ணு காணாமப் போறா, திருவிழாவும் கதையும் பின்னிப் போகும். சிவராத்திரிக்கு மறுநாள் மேல்மலையனூர் கூட்டத்துல நின்னவங்களுக்கு அந்தத் தாளம் புரியும். 2025ல வந்த ரெண்டாவது சீசன்ல பூட்டின வீட்டுக்குள்ள ஒரு வக்கீல் செத்துக் கெடக்கார், எட்டுப் பொண்ணுங்க, ஒவ்வொருத்தியும் நான்தான் கொன்னேன்னு சொல்றா. ஆரம்பம் அபாரம். ஆனா எட்டுப் பேருக்கும் தனித்தனியா நேரம் கொடுக்க முடியாம பாதிப் பேரு முகம் மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருக்கு, அந்த வருத்தம் இன்னும் போகல. அதுக்கு முன்னாடி வந்த வதந்தி அந்த விஷயத்துல நல்லா செஞ்சாங்க, செத்துப்போன பொண்ணப் பத்தி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க, கடைசில அவள யாருமே சரியாப் பார்க்கலன்னு தெரியும். எட்டு எபிசோட், கொஞ்சம் நீளம்தான், ஆனா எஸ்.ஜே.சூர்யா அடக்கி நடிச்சிருக்கார்.

பேயும் மிஸ்டரியும் சேந்து வேணும்னா 2009ல வந்த யாவரும் நலம் திரும்பப் பாருங்க. புது ஃப்ளாட், மாதவனுக்கு மட்டும் லிஃப்ட் வேல செய்யாது, மத்தியானம் ஒரு மணி சீரியல்ல தன்னோட குடும்பத்துக்கு நடக்கறதே ஓடுது. அதுலயும் ஃப்ளாஷ்பேக் இருக்கு, ஆனா அதத் தேடிப் போறவன் மாதவன்தான், யாரோ பெரியவர் வந்து கதை சொல்லல. உங்களுக்கு அது ஒத்துவரும்னு நெனைக்கறேன்.

நடுநிசிடீ:

செவ்வந்தி அக்கா சொன்ன யாவரும் நலத்துக்கு என் ஓட்டும். பி.சி.ஸ்ரீராம் கேமரா வேற.

இங்கிலீஷ் பார்க்கறவரா இருந்தா வெப்பன்ஸ், 2025. ராத்திரி சரியா 2.17க்கு ஒரே வகுப்புப் பசங்க பதினேழு பேர் வீட்டுக் கதவத் தெறந்து இருட்டுக்குள்ள ஓடிப்போறாங்க, ஒரு பையன் மட்டும் மறுநாள் வகுப்புக்கு வர்றான். டீச்சர், ஒரு அப்பா, போலீஸ்னு ஒவ்வொருத்தர் பக்கமா கதை போகும். பசங்க கைய ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு ஓடற அந்த ஒரு காட்சி போதும், சத்தமே வேண்டாம். சின்ன பாப்பா இருக்கற வீடுன்னு சொன்னீங்க, அதனால யோசிச்சுப் பாருங்க, எனக்கு பையன் தூங்கறானான்னு ரெண்டு தடவ போய்ப் பார்க்கணும்போல ஆயிடுச்சு. கொரியன்ல எக்ஸ்ஹூமா, 2024. முன்னோர் கல்லறைய எடம் மாத்தப் போய் வினை வரும். முப்பந்தல்காத்துக்குப் பிடிக்கும், அதுலயும் செத்தவங்களுக்கு நியாயம் செய்யாம விட்டதுதான் பயமா திரும்பி வரும்.

மாடிவீட்டுக்காரன்:

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்ளோ எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. சனிக்கிழமை யாவரும் நலம் போட்டேன், இந்தத் தடவ தனியா இல்ல, மனைவியையும் உக்கார வச்சேன், பாப்பா தூங்கினதுக்கப்புறம், சவுண்ட கொறச்சு வச்சுக்கிட்டு. அவங்க பேய்ப் படமே பார்க்க மாட்டாங்க, லிஃப்ட் சீன்ல இருந்து எந்திரிக்கல. பாதில நிறுத்தி, அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம தூக்கம் வராது, ஓட்டுங்கன்னாங்க. அப்பத்தான் எனக்கு ஒண்ணு பட்டுச்சு, அவங்களுக்கு அந்தக் கதை தெரியறதுதான் பயத்தோட பாதி. செவ்வந்தி மேடம் சொன்ன மாதிரி தேடிப் போறது ஹீரோவா இருந்ததால எனக்கும் விட்டுப்போகல. கிஷ்கிந்தா காண்டம் அடுத்த வாரத்துக்கு எடுத்து வச்சிருக்கோம், ரெண்டு பேரும் சேந்து பார்க்கறதா பேச்சு. வெப்பன்ஸ் இப்போதைக்கு வேண்டாம், பாப்பாவுக்கு நாலு வயசுதான் ஆகுது.

முப்பந்தல்காத்து தம்பி, நீலி கதைய வில்லுல முழுசா கேக்கணும்னா எப்ப வரணும்? மூணு வாரத்துல வாக்கர் போயிடும்னு ஃபிசியோ சொல்லியிருக்காங்க.

முப்பந்தல்காத்து:

கொடை சமயத்துல வாங்க அண்ணா, ஊருக்கு ஊர் நாள் மாறும், நான் தேதி கேட்டுச் சொல்றேன். ராத்திரி பத்து மணிக்கு மேலதான் களை கட்டும், விடிய விடிய தரைல உக்காரணும், அதனால கால் நல்லா மடங்கற அளவுக்கு ஆகட்டும். அண்ணியையும் கூட்டிட்டு வாங்க, பாப்பா எங்க அம்மாகிட்ட இருக்கட்டும்.